மீத்திறன் மாணவர்களின் ஆசிரியருக்கு ஆன்லைன் பயிற்சி: அதில் உண்மையில் என்ன நடக்கிறது?

பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவளமையக் கூட்டம் ஒன்றில் தேநீர் இடைவேளை. வயதுக்கு மீறிய ஆற்றல் உள்ள மீத்திறன் மாணவர்களுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கான ஆன்லைன் பயிற்சி ஒன்றில் சேர்ந்திருக்கிறேன் என்று பேச்சுவாக்கில் சொன்னேன். பக்கத்தில் இருந்த டீச்சர், "நல்லாப் படிக்கிற பிள்ளைக்கு நாம என்னத்தச் செய்ய? அது தானாப் படிச்சுக்கிடும். மெல்லக் கற்கிற பிள்ளைகளைக் கரையேத்தவே நேரம் பத்தல" என்றார். எதிரே இருந்த சார், "என்னது, நீட் கோச்சிங் மாதிரியா?" என்று கேட்டார். இன்னொருவர், "ஆன்லைன்தானே டீச்சர், வீடியோவை ஓடவிட்டா சர்டிபிகேட் வந்துரும்" என்றார்.

மூவரும் அனுபவம் உள்ளவர்கள், பிள்ளைகள் மேல் அக்கறை உள்ளவர்கள். அவர்கள் சொன்னதில் கொஞ்சம் நியாயமும் உண்டு. ஆனாலும் இந்த மூன்று பேச்சும் சேர்ந்துதான் இந்த விஷயத்தை நம் ஊரில் யாருக்கும் புரியாமல் வைத்திருக்கின்றன. பி.எட். படிப்பில் 'மீத்திறன் மிக்க குழந்தைகள்' என்று ஒரு பாடம் படித்திருப்போம், பரீட்சையில் எழுதியிருப்போம், அத்தோடு சரி. அதனால் அடிப்படையிலிருந்தே தொடங்குகிறேன். ஆசிரியராக இல்லாத பெற்றோரும் வாசிக்கலாம்.

கோரைக்கும் பாய்க்கும் நடுவில்

பத்தமடைப் பாயைப் பார்த்திருப்பீர்கள். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை, பெண் பெயரைப் போட்டு நெய்து கொடுக்கிற பட்டுப் பாய், கையில் எடுத்தால் துணி மாதிரி மடங்கும். அது தாமிரபரணிக் கரையோரத்துக் கோரைப் புல்தான். அதே கோரையில் சாதாரணப் படுக்கைப் பாயும் நெய்யலாம். பட்டுப் பாய் வேண்டுமென்றால் நல்ல கோரையாகப் பார்த்து எடுக்க வேண்டும், காய வைத்து மெல்லிய இழையாகக் கிழிக்க வேண்டும், தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட வேண்டும், மறுபடி காய வைத்துச் சாயம் ஏற்ற வேண்டும். அப்புறம்தான் தறி. கோரை நன்றாக இருப்பதால் மட்டும் பாய் வந்துவிடாது. கோரை சரியில்லை என்றால் எந்தக் கைகாரராலும் பட்டுப் பாய் நெய்ய முடியாது.

கனடாவைச் சேர்ந்த உளவியலாளர் ஃபிரான்சுவா கான்யே 1985-இல் சொன்ன பிரிப்பு ஏறக்குறைய இதுதான். இயல்பாக, பயிற்சி எதுவும் இல்லாமலே ஒரு பிள்ளையிடம் தெரிகிற கூடுதல் ஆற்றல் மீத்திறன். அந்த ஆற்றல் முறையான கற்றலாலும் பழக்கத்தாலும் ஒரு துறையில் கைவந்த தேர்ச்சியாக மாறும்போது அதன் பெயர் திறமை. முன்னது கோரை, பின்னது பாய். ஒத்த வயதுப் பிள்ளைகளில் முதல் பத்து சதவீதத்துக்குள் வருபவர்களைத்தான் அவர் இரண்டுக்கும் கணக்கில் கொண்டார். இடையில் நடக்கும் வேலைக்குப் பிள்ளையின் விருப்பம், உடல்நலம், வீடு, ஆசிரியர், அதிர்ஷ்டம் எல்லாமே சேர வேண்டும் என்றும் சொன்னார்.

நம் பேச்சில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. "அவன் திறமைசாலி" என்று சொல்லிவிட்டால் முடிந்தது, பாய் நெய்தாகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். பாரதி 1882-இல் எட்டயபுரத்தில் பிறந்து 11 வயதில் 'பாரதி' என்ற பட்டம் வாங்கினார் என்று எல்லோரும் சொல்வோம். அந்தச் சின்ன ஊரில் பதினோரு வயதுப் பையன் பாட்டுக் கட்டினால் உட்கார்ந்து கேட்கவும், சோதித்துப் பார்க்கவும், பட்டம் கொடுக்கவும் ஒரு புலவர் சபை இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்தச் சபை தானாக முளைத்ததில்லை.

சுருக்கமாக: மீத்திறன் என்பது தொடக்கம். அது திறமையாக மாற யாராவது வேலை பார்க்க வேண்டும். ஆசிரியர் பயிற்சி அந்த இடைவேலைக்கானது.

முதல் மார்க் வாங்குகிறவர் எல்லாம் மீத்திறன் மாணவரா?

இங்கேதான் நான் நெடுநாள் தவறியிருந்தேன். அதை அப்படியே சொல்லிவிடுவது நல்லது.

ஏழாம் வகுப்பில் ஒரு பெண். வீட்டில் அம்மா பீடி சுற்றுகிறவர். மாலையில் கட்டுகளை எண்ணி வைப்பது இவள் வேலை. ஒரு கட்டுக்கு 25 பீடி. கணக்குப் பரீட்சையில் 36-ஐ 25-ஆல் பெருக்கச் சொல்லியிருந்தேன். பேப்பரில் 900 என்று மட்டும் எழுதியிருந்தாள். வழிமுறை ஒரு வரிகூட இல்லை. பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதியிருப்பாள் என்று நினைத்துப் பாதி மதிப்பெண் போட்டேன். அவளுடைய கையெழுத்து கோணலாக இருக்கும், வீட்டுப்பாடம் பாதிநாள் வராது, வகுப்பில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அப்படி நினைக்க எனக்கு எல்லாக் காரணமும் இருந்தது.

ரொம்ப நாள் கழித்து ஒருநாள் கேட்டேன். "நாலு கட்டு சேந்தா நூறு டீச்சர். முப்பத்தாறுக்குள்ள ஒம்பது நாலு இருக்கு. அப்ப ஒம்பது நூறு" என்றாள். நான்கால் வகுத்து இரண்டு பூஜ்யம் சேர்க்கிற வழியை யாரும் சொல்லித்தராமல் அவளே பீடிக் கட்டிலிருந்து எடுத்திருந்தாள். பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுத வேண்டிய தேவையே அவளுக்கு இல்லை. அவளுக்கு அப்போது வகுப்பில் இருபதாவது ரேங்க் இருக்கும்.

நல்ல மார்க் வாங்குகிற பிள்ளைகளில் மீத்திறன் உள்ளவர்கள் நிச்சயம் உண்டு. ஆனால் மார்க் என்பது சொல்லித்தந்ததை எவ்வளவு ஒழுங்காகத் திருப்பித் தருகிறார்கள் என்பதைத்தான் முக்கியமாக அளக்கிறது. சொல்லித்தராததை ஒரு பிள்ளை என்ன செய்யும் என்று அது அளப்பதில்லை. அமெரிக்காவில் ஜோசஃப் ரென்சுல்லி 1978-இல் மூன்று வளையங்கள் என்று ஒரு விளக்கம் கொடுத்தார்: சராசரிக்கு மேலான ஆற்றல், எடுத்த வேலையை விடாமல் பிடித்துக்கொள்ளும் ஈடுபாடு, புதிதாக யோசிக்கும் படைப்பாற்றல். இந்த மூன்று வளையங்களும் ஒன்றின்மேல் ஒன்று விழும் இடத்தில்தான் மீத்திறன் நடத்தை தெரியும் என்றார் அவர். 'நடத்தை' என்ற சொல் முக்கியம். சில பிள்ளைகளிடம் சில நேரங்களில், சில வேலைகளில் மட்டும் அது வெளிப்படும். எல்லாப் பாடத்திலும் நூற்றுக்கு நூறு என்று தேடினால் தவறவிடுவோம்.

ஒற்றை அளவுகோல் எப்படி ஏமாற்றும் என்பதற்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. லூயிஸ் டெர்மன் என்ற உளவியலாளர் 1921-இல் நுண்ணறிவுத் தேர்வு வைத்துக் கலிபோர்னியாவில் சுமார் 1,500 பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துப் பல்லாண்டு தொடர்ந்து ஆராய்ந்தார். அந்தத் தேர்வில் எல்லைக்கோட்டைத் தொடாததால் விடப்பட்ட சிறுவர்களில் இரண்டு பேர் வில்லியம் ஷாக்லியும் லூயிஸ் ஆல்வரெஸும். ஷாக்லிக்கு 1956-இலும் ஆல்வரெஸுக்கு 1968-இலும் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட 1,500 பேரில் யாருக்கும் நோபல் கிடைக்கவில்லை. அவ்வளவு தூரம் போகவே வேண்டாம். நம் ராமானுஜன் கும்பகோணத்தில் கணக்கைத் தவிர மற்றப் பாடங்களில் தவறி உதவித்தொகையை இழந்தவர். சென்னைக்குப் போயும் அந்தக் காலத்துக் கல்லூரி முதல்நிலைத் தேர்வான எஃப்.ஏ. தேறவில்லை. 1918-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானதும் அதே மனிதர்தான்.

'தானாப் படிச்சுக்கிடும்' என்பது பற்றி

பாளையங்கோட்டையில் காது கேளாத பிள்ளைகளுக்கும் பார்வையற்ற பிள்ளைகளுக்கும் தனித்தனிப் பள்ளிகள் உண்டு. இரண்டும் நூறாண்டைக் கடந்தவை. அங்கே கற்பிக்கத் தனிப் பயிற்சி வேண்டும் என்று சொன்னால் நம் மாவட்டத்தில் ஒருவரும் மறுக்க மாட்டார். அந்தப் பிள்ளைகள் கற்கும் வழி வேறு, அதைத் தெரிந்தவர்தான் கற்பிக்க முடியும் என்பது பேருந்து நிலையத்தில் நிற்பவருக்கும் தெரியும். மீத்திறன் பிள்ளை கற்கும் வழியும் வேறுதான். பார்த்தால் தெரியாத வேறுபாடு என்பதால் யாரும் கண்டுகொள்வதில்லை.

வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவருக்கு இது நன்றாகப் புரியும். ஒரு வயல் நிறைந்த பிறகும் மடையை மாற்றாமல் அதிலேயே தண்ணீரை விட்டுக்கொண்டிருந்தால் பயிர் அழுகும். தெரிந்ததையே நான்காவது முறை கேட்கிற பிள்ளையின் நிலைமை அதுதான். சிலர் பேசிப்பேசித் தொல்லை கொடுப்பார்கள். சிலர் அமைதியாகக் கனவு காண்பார்கள். பெண்பிள்ளைகளில் நான் அதிகம் பார்த்தது வேறொன்று: தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்துகொள்வது. கையைத் தூக்கினால் மற்றவர்கள் 'ரொம்பத்தான்' என்று சொல்வார்கள் என்பதால் ஆறாம் வகுப்பில் தூக்கிய கை எட்டாம் வகுப்பில் கீழே இறங்கிவிடும். இப்படி ஆற்றல் ஓரிடத்திலும் அடைவு அதற்கு வெகு கீழேயும் இருப்பதைக் குறையடைவு என்பார்கள்.

அந்தப் பீடிக் கட்டுப் பெண்ணின் அம்மாவைப் பெற்றோர் கூட்டத்தில் பார்த்தபோது, "இவ சும்மா இருக்க மாட்டா டீச்சர், என்னத்தையாச்சும் கேட்டுக்கிட்டே கெடப்பா. ஒங்களுக்கும் தொல்லையாத்தான் இருக்கும்" என்று மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னார். வகுப்பில் அவள் என்னிடம் அதுவரை ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. வீட்டில் கேட்டுக்கொண்டே கிடக்கிற பிள்ளை என் வகுப்பில் வாயே திறக்காமல் இருந்திருக்கிறது. பயிற்சியில் சேர என்னைத் தள்ளியது இதுதான்.

2020-இல் வந்த தேசியக் கல்விக் கொள்கை, பி.எட். படிப்பில் மீத்திறன் குழந்தைகளின் கல்வியைச் சிறப்புப் பாடமாக வைக்கலாம் என்கிறது. அந்தக் கொள்கையோடு தமிழ்நாட்டுக்கு வேறு பல சண்டைகள் உண்டு, அது தனிக் கதை. இந்த ஒரு வரியில் சண்டை போட எதுவும் இல்லை என்பது என் கருத்து.

பயிற்சியில் என்னதான் சொல்லித் தருகிறார்கள்?

கோச்சிங் சென்டரில் பாடத்தைச் சொல்லித் தருவார்கள். இங்கே ஆசிரியருக்குப் பாடம் தெரியும் என்று வைத்துக்கொண்டு, பிள்ளையைப் பார்க்கவும் பார்த்ததற்கேற்ப வகுப்பை மாற்றவும் சொல்லித் தருகிறார்கள். நீட் கோச்சிங் ஒரு பரீட்சைக்குப் பிள்ளைகளைத் தயார் செய்கிறது. இது ஓர் ஆசிரியரின் கண்ணைப் பழக்குகிறது.

முதலில் அடையாளம் காணுதல். ஒரே ஒரு தேர்வை நம்பாமல் பல வழிகளில் பார்ப்பது. பிள்ளை கேட்கிற கேள்வி, வீட்டில் செய்கிற வேலை, விளையாட்டில் எடுக்கிற முடிவு, சக மாணவர்கள் சிக்கலான நேரத்தில் யாரிடம் போகிறார்கள் என்பது, பெற்றோர் சொல்வது, அப்புறம் மார்க். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் சில வாரம் எழுதிக்கொண்டே வரச் சொல்வார்கள். எழுதத் தொடங்கிய முதல் வாரத்திலேயே நான் யாரைப் பார்க்காமல் இருந்திருக்கிறேன் என்பது பெயர் பெயராகத் தெரிந்தது.

இரட்டைச் சிறப்புக் குழந்தை என்று ஒரு வகையும் உண்டு. மீத்திறனும் இருக்கும், கூடவே டிஸ்லெக்சியா என்கிற வாசிப்புச் சிக்கல் போன்ற ஒரு கற்றல் குறைபாடும் இருக்கும். ஒரு பத்தியை வாசிக்கத் திணறுகிற பையன் சதுரங்கத்தில் ஐந்து நகர்வுகளை முன்கூட்டியே பார்ப்பான். குறை ஆற்றலை மறைக்கும், ஆற்றல் குறையை மறைக்கும், கடைசியில் 'சுமாரான பையன்' என்ற பெயர்தான் மிஞ்சும். மெல்லக் கற்போர் பட்டியலில் இப்படி எத்தனை பேரை நாமே எழுதி வைத்திருக்கிறோமோ என்ற நினைப்பு எனக்கு இன்னும் உறுத்துகிறது.

அடுத்தது வகுப்பில் செய்ய வேண்டியது. இதில் பாடச் சுருக்கம் என்பதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் நாளைக்கே செய்யக்கூடியது இது. இதுவும் ரென்சுல்லி குழுவிடமிருந்து வந்ததுதான். பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்த பகுதியைச் சோதித்துப் பார்த்து, அதை விட்டுவிட்டு, மிச்சமாகிற நேரத்தை வேறு நல்ல வேலைக்குக் கொடுப்பது. முழுக்களின் கூட்டல், கழித்தல் நடத்துகிறோம். பயிற்சியில் இருபது கணக்குகள். எல்லாரும் இருபதையும் போட வேண்டும் என்பது வழக்கம். அதற்குப் பதில் இருப்பதிலேயே கடினமான ஐந்தை முதலில் போர்டில் எழுதி, அதில் நான்கைச் சரியாகப் போடுகிறவர்களுக்கு மீதிப் பதினைந்தும் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். யார் வேண்டுமானாலும் முயலலாம். யாரையும் மீத்திறன் என்று முத்திரை குத்த வேண்டியதில்லை. நான் முதல்முறை செய்தபோது எதிர்பாராத இரண்டு பையன்கள் நான்கையும் முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்கள்.

சரி, மிச்ச நேரத்துக்கு என்ன? இங்கே ஒரு பெரிய தவறு நடக்கும். சீக்கிரம் முடித்தவனுக்கு இன்னும் இருபது கணக்கு கொடுப்போம். அது அவனுக்குத் தண்டனை. அடுத்தமுறை மெதுவாகப் போடக் கற்றுக்கொள்வான். இல்லாவிட்டால் "பக்கத்துப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடு" என்போம். எப்போதாவது என்றால் நல்லது. தினமும் என்றால் அவனை நாம் சம்பளமில்லாத உதவி ஆசிரியராக வைத்துக்கொள்கிறோம் என்று பொருள். கொடுக்க வேண்டியது வளப்படுத்துதல்: அதே பாடத்தில் ஆழமான வேலை. 'மைனஸையும் மைனஸையும் பெருக்கினால் ஏன் பிளஸ் வருகிறது? கடைக்காரரிடம் வாங்கிய கடனை வைத்து, ஐந்தாம் வகுப்புத் தம்பிக்குப் புரிகிற மாதிரி ஒரு கதை எழுது' என்று கொடுத்துப் பாருங்கள். ஒரு பீரியட் போதாது.

விரைவுபடுத்துதல் இன்னொரு வழி. வயதுக்கு முந்திய பாடத்துக்கு அனுப்புவது. நம் தாத்தா காலத்து டபுள் புரமோஷன் அதில் ஒரு வகை. முழு வகுப்பையும் தாண்டாமல் ஒரு பாடத்தில் மட்டும் முன்னே போவதும் உண்டு. நம் பள்ளிக்கூட அமைப்பில் இதற்கு இடம் குறைவு, அதனால் இத்தோடு விடுகிறேன்.

சுருக்கமாக: பார்க்கக் கற்பது, தெரிந்ததைத் திரும்ப நடத்தாமல் இருக்கக் கற்பது, மிச்ச நேரத்தை ஆழத்துக்குச் செலவிடக் கற்பது. பயிற்சியின் நடுப்பகுதி இவ்வளவுதான்.

சொதியும் வீடியோவும்: ஆன்லைன் எப்படி வேலை செய்கிறது

இப்போது மூன்றாமவர் சொன்னதற்கு வருகிறேன். வீடியோவை ஓடவிட்டுச் சான்றிதழ் வாங்கிய பயிற்சிகள் நம் எல்லோர் கணக்கிலும் உண்டு. நானும் அப்படி ஒன்றை முடித்திருக்கிறேன். அடுப்பில் குழம்பு கொதிக்க, போன் ஜன்னலோரம் பேசிக்கொண்டிருந்தது. கடைசி வினாடி வினாவை மூன்றாம் முயற்சியில் தேறினேன். வகுப்பில் ஒன்றும் மாறவில்லை. அந்த ஏமாற்றத்தோடுதான் ஆன்லைன் என்றாலே இப்படித்தான் என்று நானும் நம்பியிருந்தேன்.

நம் திருநெல்வேலித் தேங்காய்ப்பால் சொதியை நினைத்துப் பாருங்கள். மூன்றாம் பாலில் காய் வேக வேண்டும், கடைசியில் முதல் பாலை ஊற்றி, நுரை கட்டும்போதே இறக்கிவிட வேண்டும். கொதித்தால் திரிந்துவிடும். செய்முறை வீடியோவை நூறுமுறை பார்க்கலாம். ஆனால் உங்கள் சட்டியில் திரிந்தது ஏன் என்று அந்த வீடியோ சொல்லாது. நீங்கள் செய்து, கெடுத்து, சட்டியை மாமியாரிடமோ பக்கத்து வீட்டு அக்காவிடமோ காட்டினால், "தீயைக் குறைக்காம ஊத்திட்டியே" என்பார்கள். அந்த ஒரு வாக்கியத்தில்தான் நீங்கள் சொதி கற்கிறீர்கள்.

ஆசிரியர் பயிற்சியும் அதேதான். புரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1980-இலேயே இதை வகைப்படுத்தி எழுதினார்கள். கருத்தைக் கேட்பது, ஒருவர் செய்துகாட்டப் பார்ப்பது, தானே செய்து பார்ப்பது, செய்ததற்குக் கருத்துரை பெறுவது, பிறகு வகுப்பில் கூடவே ஒருவர் வழிகாட்டுவது. முதல் இரண்டோடு நின்றுவிட்டால் பயிற்சி மண்டபத்திலேயே தங்கிவிடும், வகுப்புக்குள் வராது.

நல்ல ஆன்லைன் பயிற்சி என்பது இந்த ஐந்தையும் தூரத்திலிருந்து நடத்துகிற ஏற்பாடு. இதில் இரண்டு வகை நேரம் உண்டு. எல்லோரும் ஒரே நேரத்தில் திரையில் கூடுவது நேரலை வகுப்பு. அவரவர் வசதிக்குப் பார்ப்பதும் எழுதுவதும் தற்போக்கு வகுப்பு. காணொளி, வாசிப்பு எல்லாம் இரண்டாவதில் போய்விடும். பாத்திரம் கழுவி முடித்து இரவு ஒன்பதரைக்கு உட்கார்ந்து பார்க்கலாம். மலையடிவாரத்து ஊர்களில் சிக்னல் போனாலும் மறுநாள் பார்க்கலாம். நேரலை வகுப்பைப் பேச்சுக்கு மட்டும் வைத்துக்கொள்வார்கள்.

நான் சேர்ந்த பயிற்சியில் ஒரு வாரம் இப்படிப் போகும். திங்கள், செவ்வாயில் இருபது நிமிடக் காணொளி, கொஞ்சம் வாசிப்பு. புதன் அல்லது வியாழன் அதை என் வகுப்பில் ஒரு பீரியடில் செய்து பார்க்க வேண்டும். என்ன நடந்தது என்பதை ஒரு பக்கம் எழுதி, பிள்ளை எழுதிய நோட்டுப் பக்கத்தைப் பெயரை மறைத்துப் படம் எடுத்துப் போட வேண்டும். சனிக்கிழமை மாலை நேரலையில் ஆறு பேர் கொண்ட குழுவில் அதைப் பற்றிப் பேச்சு. பயிற்சி நடத்தும் கருத்தாளர் அதிகம் பேச மாட்டார், கேட்பார். அந்த ஒரு பக்கத்தை எழுதுவதுதான் கடினம், அதில்தான் பாடமும் இருந்தது. நான் போட்ட முதல் பக்கத்துக்கு வந்த கருத்துரை: "நீங்கள் என்ன செய்தீர்கள் என்பது பதினெட்டு வரி. பிள்ளை என்ன செய்தது என்பது இரண்டு வரி." இருபத்தோரு வருடச் சர்வீஸில் எனக்கு யாரும் அப்படிச் சொன்னதில்லை.

இந்தத் துறைக்கு ஆன்லைன் குறிப்பாகப் பொருந்த ஒரு காரணமும் உண்டு. ஒரு பள்ளியில் இதில் ஆர்வமுள்ள ஆசிரியர் ஒருவர் இருந்தாலே அதிகம். அம்பாசமுத்திரத்தில் ஒருவர், வள்ளியூரில் ஒருவர், உவரியில் ஒருவர் என்று சிதறிக் கிடப்போம். இந்தத் துறையில் வேலை செய்பவர்களோ தூரத்தில் இருக்கிறார்கள். புனேயில் ஞான பிரபோதினி 1962 முதல் மீத்திறன் மாணவர்களுக்காக இயங்குகிறது. பெங்களூரில் தேசிய மேம்பட்ட ஆய்வுகள் நிறுவனம் இதற்கென்று ஒரு திட்டம் நடத்தியிருக்கிறது. ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் மீத்திறன் கல்விக்கான மையமே இருந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சித் தொகுப்புகள் தயாரித்திருக்கிறது. அங்கெல்லாம் நெல்லை எக்ஸ்பிரஸ் பிடித்துப் போய்வர நமக்கு லீவும் கிடையாது, காசும் கிடையாது. கொரோனாக் காலத்தில் ஒன்றிய அரசின் நிஷ்டா ஆசிரியர் பயிற்சிகள் இணையவழிக்கு வந்த பிறகு அவை நடக்கும் தீக்‌ஷா தளத்தைத் திறப்பதும் பாடத்தை முடிப்பதும் நம் ஆசிரியர்களுக்குக் கைப்பழக்கமாகிவிட்டது. கருவியைப் பழகிவிட்டோம், அதில் எதைச் செய்வது என்பதுதான் மீதி.

சேருவதற்கு முன்

பணம் கட்டிச் சேருகிற பயிற்சி என்றால் முதலில் ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: என் வகுப்பில் நான் செய்ததை யாராவது பார்த்துக் கருத்துச் சொல்வார்களா? இல்லை என்று பதில் வந்தால் அது வாசிப்புப் பொருள், பயிற்சி இல்லை. வாசிப்புப் பொருளுக்கு உரிய காசு மட்டும் கொடுத்தால் போதும்.

ஒரே தேர்வில் பிள்ளைகளைத் தரம் பிரித்துவிடலாம் என்று வாக்குக் கொடுக்கிற பயிற்சியையும், மூளையின் இடப்பக்கம், வலப்பக்கம், நடுமூளை என்று பேசுகிற பயிற்சியையும் நான் சேர வேண்டாம் என்றே சொல்வேன். நல்ல பயிற்சி ஏழை வீட்டுப் பிள்ளையை, தமிழ்வழிப் பிள்ளையை, வீட்டில் எழுதப்படிக்கத் தெரியாத பிள்ளையை எப்படிக் கண்டுகொள்வது என்று பேசும். ஆங்கிலம் சரளமாகப் பேசுகிற பிள்ளையைக் கண்டுபிடிக்க யாருக்கும் பயிற்சி தேவையில்லை.

மொழியும் ஒரு தடைதான். நல்ல பயிற்சிகளில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் இருக்கின்றன. இரண்டு, மூன்று பேர் ஒன்றாகச் சேர்ந்தால் சமாளிக்கலாம். ஒருவர் வாசித்து இன்னொருவருக்குத் தமிழில் சொல்லும்போது இருவருக்குமே கூடுதலாகப் புரிகிறது.

நம் பக்கம் ஏற்கெனவே இருப்பவை

எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். என்ற உதவித்தொகைத் தேர்வு இருக்கிறது. தேறினால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புவரை வருடத்துக்கு 12,000 ரூபாய். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு முதலமைச்சர் திறனாய்வுத் தேர்வும், பதினோராம் வகுப்பில் தமிழ்மொழி இலக்கியத் திறனறித் தேர்வும் உண்டு. இவையெல்லாம் பல வீடுகளுக்குப் பெரிய உதவி, மறுக்கவே முடியாது. ஆனால் தேர்வு என்பது பிள்ளையைத் தேர்ந்தெடுத்துப் பணம் கொடுக்கும். மறுநாள் காலை மூன்றாவது பீரியடில் அந்தப் பிள்ளைக்கு என்ன கொடுப்பது என்பதை அது சொல்லாது. அது ஆசிரியர் கையில்தான் இருக்கிறது.

வளப்படுத்த இடம் தேடுகிறவர்களுக்கு அரசுப் பள்ளிகளில் 2022-இல் தொடங்கிய, அறிவியலையும் கணக்கையும் செய்து பார்க்கிற வானவில் மன்றமும் கலைத் திருவிழாவும் நல்ல வாசல். திருநெல்வேலி கொக்கிரகுளத்தில் 1987 முதல் மாவட்ட அறிவியல் மையம் இருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை சுற்றுலா மாதிரி நாற்பது பேரைக் கூட்டிப் போய் வரிசையில் நடத்திக் கூட்டி வருவோம். ஒரே ஒரு காட்சிப்பொருளின் முன் நான்கு பிள்ளைகளை ஒரு மணி நேரம் நிற்க விட்டு என்ன கேட்கிறார்கள் என்று எழுதிப் பாருங்கள். பயிற்சியில் சொல்லும் அடையாளம் காணுதல் என்பது அதுதான்.

அந்தப் பெண்ணிடம் வருகிறேன். 25-க்கு அவள் கண்டுபிடித்த வழியை வகுப்பில் அவளையே சொல்லச் சொன்னேன். அதற்கு இரண்டு நாள் கழித்து வராந்தாவில் வந்து நின்றாள். "நூத்தி இருபத்தஞ்சுக்கும் வருது டீச்சர், எட்டால வகுத்து மூணு பூஜ்யம்" என்றாள். அதுதான் என்னிடம் அவள் தானாக வந்து பேசிய முதல் பேச்சு. அடுத்து, "முப்பத்தேழுக்கு ஏதும் வழி இருக்கா?" என்று கேட்டாள். சட்டென்று எனக்குத் தெரியவில்லை, அதை அவளிடமே சொன்னேன். அன்றிரவு அந்தக் கேள்வியைப் பயிற்சிக் குழுவில் போட்டேன். உடன்பயின்ற ஒரு சார் எழுதியிருந்தார்: "பதிலைச் சொல்லிவிடாதீர்கள். 37 × 3 மட்டும் போடச் சொல்லுங்கள்."

மறுநாள் போர்டின் ஓரத்தில் 37 × 3 என்று எழுதிவிட்டு மற்றவர்களிடம் போய்விட்டேன். மதியச் சாப்பாட்டு மணி அடித்தபோது அவள் நோட்டில் 111, 222, 333 என்று வரிசையாக 999 வரை இறங்கியிருந்தது. அதன் கீழே 37 × 30 = 1110 என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடு போட்டிருந்தாள்.

"தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்பது வரைக்கும் ஒழுங்கா வந்துச்சு டீச்சர். அதுக்கப்புறம் ஏன் கெட்டுப்போச்சு?"

தட்டை எடுத்துக்கொண்டு எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். நாங்கள் இரண்டு பேரும் போர்டின் பக்கம் திரும்பினோம்.